படப்பக்கரைக் கரையில் கிடைத்த பல்தட்டு: அடையாளம் கண்டு தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கொல்லத்துக்கு அருகே, அஷ்டமுடிக் காயலின் கரையிலுள்ள படப்பக்கரையில் எங்கள் குடும்பத்தார் கண்டெடுத்த புதைபடிவம், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மயோசீன் காலத்துக் கடலில் வாழ்ந்த ஒரு திருக்கையின் பல்தட்டு, அதாவது பற்கள் ஒன்றோடொன்று பூட்டி அமைந்த தட்டு, என்பது உறுதியாகிவிட்டது. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் எங்களுக்கு நிலவியல் படிப்பும் இல்லை, அத்துறையில் அறிந்தவர்களும் இல்லை. இது இன்னதென்று இன்று எங்களால் சொல்ல முடிகிறது என்றால், தத்தம் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி, கேட்டதற்கு மேலாகவே உதவிய சிலர்தான் காரணம். ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டோம் என்றாலும், யார் யார் எதைக் கண்டு சொன்னார்கள் என்பது பொதுவில் பதிவாக வேண்டும் என்று விரும்பி இம்மடலை எழுதுகிறேன்.

அந்தப் படிவம் உள்ளங்கைக்குள் அடங்குவது. நீளம் ஏறத்தாழ 4 செ.மீ., அகலம் 3 செ.மீ., நிறம் கரும்பழுப்பு. மேற்புறத்தில் வழுவழுப்பான ஐந்து பட்டைகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. ஒவ்வொரு பட்டையும் முனையில் கூம்பி, நீண்ட அறுகோணமாக முடிகிறது. அந்த முனைகளுக்கு இடையே, ஒரு பக்கத்தில் மட்டும், சிறிய அறுகோணத் துண்டுகள் இரண்டு எஞ்சியுள்ளன. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் சீப்பின் பற்களைப் போல நெருக்கமான வரிகளும் பள்ளங்களும் ஓடுகின்றன. பார்த்தவர்கள் ஆமையோடு என்றும், முதலையின் முதுகுச் செதில் என்றும், பவளம் என்றும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

முதல் நன்றி கொல்லத்தில் வசிக்கும் என் நாத்தனார் கணவருக்கு. கரையோரம் கிளிஞ்சல் தேடி நடந்துகொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து சரிந்து கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றில் இது தலைநீட்டிக்கொண்டிருந்தது. "ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவாமல் அப்படியே வையுங்கள், எந்த இடத்தில் கிடந்தது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அண்ணன் அங்கேயே சொன்னார். நிலத்துக்காரரிடம் பேசி அனுமதி பெற்றுத் தந்தவரும் அவரே. அந்த மண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பது பெங்களூரு திரும்பிய பிறகுதான் விளங்கியது.

விளக்கியவர், எண்ணெய் துரப்பணத் துறையில் நுண்தொல்லுயிரியல் (மிகச் சிறிய உயிர்ப்படிவங்களை ஆராயும் துறை) வல்லுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, பனசங்கரியில் வசிக்கும் பெரியவர். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஐயா என்றே குறிப்பிடுகிறேன். பெங்களூரு நின்றுகொண்டிருப்பது உயிர்ப்படிவம் எதுவும் கிடைக்காத பாறையின் மேல் என்று சொல்லித்தான் அவர் பேச்சைத் தொடங்கினார். லால்பாக் குன்றில் நாம் ஏறி நிற்கும் தீபகற்ப நைஸ் என்னும் உருமாறிய பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழைமையானது. கிளிஞ்சலோ மீனோ உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியது. கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லோ ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்தது.

ஐயா முதலில் பல்தட்டைப் பார்க்கவே இல்லை. அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணில் சிறிதளவு சுரண்டி, நீரில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, உலர்த்தி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். சில மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையான வில்லைகள் அதில் கிடந்தன. அவை ஃபோராமினிஃபெரா என்னும் ஓரணு உயிரிகளின் ஓடுகள். ஒரு வில்லையை நடுவாகத் தேய்த்து, உள்ளே நெருங்கியிருந்த நுண்ணறைகளை எனக்கும் என் மகளுக்கும் காட்டி, அது சூடோடபெரினா மலபாரிகா என்ற இனம் என்றார். பம்பாயில் மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர் 1853-இல் விவரித்துப் பெயரிட்ட இனம் அது. மயோசீனின் தொடக்கப் பகுதியான பர்டிகாலியன் காலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2.04 கோடி ஆண்டுகளுக்கும் 1.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு, அதை அடையாளமாகக் கொள்கிறார்கள். திருக்கையின் பல்லை மட்டும் வைத்து இப்படிக் காலம் சொல்ல முடியாது, ஏனெனில் இத்தகைய பற்கள் பல கோடி ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றி வந்திருக்கின்றன. கூட வந்த மண்ணே காலத்தைச் சொல்கிறது என்று அவர் விளக்கியதை நாங்கள் மறக்க மாட்டோம். ஐயாவுக்கும், அன்று பிற்பகல் முழுவதும் எங்களை உட்காரவைத்து உபசரித்த அம்மாவுக்கும் எங்கள் வணக்கங்கள்.

இரண்டு நாள் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவல் தந்ததோடு, பக்கவாட்டு ஒளியில் தெளிவான படங்களும் எடுத்துத் தந்த எங்கள் குடியிருப்பின் பல் மருத்துவருக்கும் நன்றி.

அடுத்து, சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் மீன்கடை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படத்தைக் காட்டிய மாத்திரத்தில், "இது வவ்வால் திருக்கையோட வாய், சிப்பி நொறுக்குற பல்லு" என்றார். சொன்னதோடு விடாமல், அடுத்து அந்த மீன் வந்தபோது தலையைத் தனியே எடுத்துவைத்து, தாடைகளை வேகவைத்துச் சதை நீக்கி, வெயிலில் காயவைத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். படிவத்தை அதன் பக்கத்தில் வைத்ததும் ஐயம் நீங்கிவிட்டது. நடுவில் அகன்ற பட்டைகள், ஓரத்தில் சிறு அறுகோணங்கள், அடியில் அதே வரிகள். திருக்கையின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது என்பதால் பெரும்பாலும் மக்கிப் போய்விடும். பற்களும் வால் முள்ளும்தான் மிஞ்சும். பற்களும் தனித்தனியே உதிர்ந்துதான் கிடைக்கும். வாயின் உட்புறத்தில் புதுப் பற்கள் முளைத்து, தேய்ந்தவை முன்புறம் கழன்று விழுந்துகொண்டே இருப்பது அதன் இயல்பு. ஐந்து பற்கள் பூட்டுக் கலையாமல் ஒன்றாகக் கிடைத்ததுதான் இந்தப் படிவத்தின் சிறப்பு. மீனை நாள்தோறும் கையில் எடுத்து அறுப்பவரின் அறிவு ஆய்வுக்கூடத்து அறிவுக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். (அஷ்டமுடிக் காயல் இன்றைக்கும் மட்டிக்குப் பெயர்போன நீர்நிலை, அங்குள்ள மட்டி மீன்பிடிப்புக்கு 2014-இல், இந்தியாவிலேயே முதலாவதாக, எம்.எஸ்.சி. (மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்னும் அமைப்பு நீடித்த மீன்பிடிப்புக்கு வழங்கும் பன்னாட்டுச் சான்று கிடைத்தது. சிப்பி தின்னும் திருக்கைக்கு அந்தப் பக்கத்தில் அன்றும் இரை இருந்திருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது.)

படங்களைப் பார்த்து முடிவை எழுத்தில் அனுப்பிய முனைவர் பட்ட மாணவிக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். கழுகுத் திருக்கை (மீன்கடை அண்ணன் வவ்வால் திருக்கை என்றது) வகைகளுக்குள் வேறுபாடு காணும் முறையை அவர் பொறுமையாக எழுதியிருந்தார். ஏடோபாட்டிஸ் என்னும் பேரினத்துக்கு ஒரே வரிசைப் பற்கள்தான், ஓரப் பற்களே கிடையாது. ஆகவே நம் படிவம் அதுவல்ல. ரைனோப்டெராவில் நடுப்பல்லுக்கும் அடுத்த வரிசைக்கும் அகலத்தில் இவ்வளவு வேறுபாடு இராது. நடுவில் மிக அகன்ற பல்லும் ஓரத்தில் சிறு அறுகோணங்களும் இருப்பது மைலியோபாட்டிஸ் வகையோடு ஒத்துப்போகிறது. தட்டு வளையாமல் சமமாக இருப்பதால் கீழ்த்தாடையாக இருக்கலாம். இனப்பெயர் வேண்டும் என்று என் மகள் ஆவலோடு கேட்டபோது, இந்த அளவு துண்டை வைத்து இனம் வரை சொல்வது முறையாகாது என்று அவர் அன்போடு மறுத்துவிட்டார். அந்த நிதானத்துக்காக அவருக்கு இரட்டிப்பு நன்றி சொல்கிறேன். அறிவியலில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை என் மகள் அவரிடமே முதலில் கற்றாள்.

படிவத்தை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வதில்லை என்று குடும்பத்தில் எல்லோரும் கூடி முடிவெடுத்து, கேரளத்திலுள்ள ஒரு கல்லூரியின் நிலவியல் துறைச் சேகரத்தில் ஒப்படைத்துவிட்டோம். கிடைத்த இடத்தின் படங்கள், ஐயா பிரித்தெடுத்த வில்லைகள், மீன்கடை அண்ணன் பதப்படுத்தித் தந்த தாடை ஆகிய மூன்றும் அதனுடன் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் படிக்க அந்தத் தாடை மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் என்று துறையினர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் அளித்த ஒப்புகைக் கடிதத்தின் நகலை உங்கள் அனைவருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறோம். மீன்கடை அண்ணனுக்கு மட்டும் அடுத்த ஞாயிறு காலை நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
அல்சூர் குடும்பத்தார் சார்பில்,
பெங்களூரு