உன் பொலிகாளைக்கு ஒரு கட்டண அட்டை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. காளை வாங்கிய சேதி நாலு வரி, அந்தக் காளையால் வந்த சண்டை மூணு பக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரெண்டு தடவை மாட்டை ஓட்டிவந்து காளைக்கு விட்டுவிட்டு, சினை நிற்கவில்லை, கொடுத்த 500 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று பஸ் ஸ்டாப்பில் நிறுத்திக் கேட்டாராமே. நீயும் "காளை அது வேலையைச் செஞ்சிருச்சு, உங்க மாடு நிக்காததுக்கு நான் என்ன பண்றது" என்று கத்திவிட்டு வந்தாயாம். ரெண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. அதுதான் சிக்கலே.

இந்த வழக்குக்கு நான் இருக்கிற ஊரில் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். காளைக்குப் பதில் குதிரை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன், ஜூலையில் இங்கே ஆஷ்பர்ட்டன் பக்கம் கறவை கிடையாது, மாடெல்லாம் பால் வற்றி நிற்கும், ஆகஸ்டில் கன்று போட ஆரம்பித்தால்தான் திரும்பவும் ராத்திரி பகல் தெரியாத வேலை. குளிருக்குப் பயந்து உள்ளேயே உட்கார்ந்து, நியூசிலாந்து தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் 'ஆஷ்பர்ட்டன் கார்டியன்' 1879இல் தொடங்கிய பத்திரிகை. 1880களின் செப்டம்பர், அக்டோபர் இதழ்களை எடுத்தால் விளம்பரப் பத்தியில் வரிசையாகக் குதிரைகள். ஒரே மாதிரி சின்ன அச்சுப் படம், கீழே பெரிய எழுத்தில் குதிரையின் பெயர், நிறம், எத்தனை 'கை' உயரம் (ஒரு கை என்றால் நாலு அங்குலம்), அப்பன் யார், தாத்தன் யார், தாயின் அப்பன் யார், எந்தக் கண்காட்சியில் என்ன பரிசு. நம்ம ஊர் கல்யாணத் தரகர் கொண்டுவரும் காகிதம் தோற்றுவிடும், போ. காயடிக்காத ஆண் குதிரைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'முழுக்குதிரை'. நம்ம பொலிகாளை மாதிரி அது பொலிகுதிரை.

எதற்கு இத்தனை குதிரை என்று கேட்பாய். எங்கள் ஊர் இருக்கிற கான்டர்பரிப் பகுதியில் வெள்ளைக்காரக் குடியேற்றம் ஒழுங்காகத் தொடங்கியது 1850 கடைசியில். 1870, 80களில் இந்தச் சமவெளி முழுக்கக் கோதுமை போட்டார்கள். டிராக்டர் இல்லாத காலம், உழவு, அறுப்பு, மூட்டை ஏற்றிப் போவது எல்லாமே குதிரைதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த கிளைட்ஸ்டேல் இனம்தான் இதில் ராஜா, கால் மூட்டுக்குக் கீழே புசுபுசுவென்று மயிர், குளம்பு மட்டும் ஒரு தட்டு அகலம். மிகைப்படுத்தவில்லை, எங்கள் பண்ணையில் பழைய லாயத்துச் சுவரில் ஒரு லாடம் தொங்குகிறது, எடுத்து என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது. துருப்பிடித்த அந்த லாடத்தில் இன்னும் ரெண்டு ஆணி அப்படியே இருக்கிறது. 1911 கணக்குப்படி இந்த நாட்டில் 4 லட்சம் குதிரைக்கு மேல், ஜனங்களே அப்போது 10 லட்சத்துச் சொச்சம்தான். மார்ஸ்டன் என்கிற பாதிரியார் 1814இல் முதல் குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி நூறு வருஷம்கூட ஆகவில்லை, பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பொலிகுதிரையை எல்லா விவசாயியும் வாங்க முடியாது. ஒருவர் வாங்குவார், அது ஊர் ஊராக நடக்கும். விளம்பரத்திலேயே பயணத் திட்டம் இருக்கும்: திங்கள் இந்த ஊர் ஹோட்டல், செவ்வாய் அந்த ஊர், சனிக்கிழமை திரும்ப வீடு. குதிரையைக் கூட்டிப்போகிறவன் ஒரு ஆள், இன்னொரு குதிரை மேலேயோ சின்ன வண்டியிலேயோ, இதைக் கையில் பிடித்துக்கொண்டு. சாராயக்கடையோடு சேர்ந்த ஹோட்டல் கொல்லையில் ராத்திரி தங்கல். தென்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் தொடங்கும், அப்போதுதான் பெட்டைக் குதிரை பருவத்துக்கு வரும், டிசம்பர் வரைக்கும் இந்த நடை. சினைக்காலம் பதினோரு மாசம் என்பதால் குட்டி அடுத்த வசந்தத்தில், புல் நன்றாக இருக்கிற நேரத்தில் விழும். பெட்டைக்குச் சுழற்சி மாட்டைப் போலவே 21 நாள், ஆகவே மூணு வாரம் கழித்துத் திரும்ப அந்த வழியே வரும்போது அதே பெட்டையைக் குதிரையிடம் காட்டினால் தெரிந்துவிடும், உதைத்துத் தள்ளினால் சினை பிடித்திருக்கலாம், நின்றால் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் குதிரை, அந்தப் பக்கம் பெட்டை, இடையில் பலமான கட்டை. அந்தக் கட்டை இல்லாவிட்டால் ஒரு உதையில் முதலாளியின் மொத்த முதலும் நொண்டியாகிவிடும்.

இப்போது காசு. உழவுக் குதிரைக்குச் சாதாரணமாக ரெண்டு மூணு பவுண்டு. அந்தஸ்தான குதிரை என்றால் கினி கணக்கில் கேட்பார்கள், ஒரு கினி என்பது 21 ஷில்லிங், பவுண்டைவிட ஒரு ஷில்லிங் கூட, அந்த ஒரு ஷில்லிங்தான் கௌரவம். ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது தொகையை இல்லை, அதை ரெண்டாகப் பிரித்த விதத்தை. முதல் தடவை சேர்க்கும்போதே ஐந்து ஷில்லிங் மாதிரி ஒரு சின்னத் தொகை, குதிரைக்காரன் கூலி என்று தனியாக, அதைத் திருப்பிக் கேட்கிற பேச்சே கிடையாது. மீதி ஜனவரி பிறந்து பருவம் முடிந்த பிறகு. அதற்குள் பெட்டை திரும்பப் பருவத்துக்கு வருகிறதா இல்லையா என்பது ஊருக்கே தெரிந்துவிடும். சில விளம்பரங்களில் சினை உறுதியானால்தான் மீதி, சிலதில் சினை நிற்காவிட்டால் அடுத்த வருஷம் இலவசம்.

அப்புறம் குதிரைக்காரர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் போட்ட நிபந்தனைகள். எங்கள் குதிரையிடம் காட்டிவிட்டு வேறு குதிரையிடம் கொண்டுபோனால் முழுக் கட்டணம். எங்கள் கொட்டிலில் விட்டுப்போகிற பெட்டைக்கு நல்ல மேய்ச்சல் உண்டு, கவனித்துக்கொள்வோம், ஆனால் ஏதாவது ஆனால் பொறுப்பில்லை. பொடி எழுத்தில் இருக்கிற இந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உன் பஸ் ஸ்டாப் சண்டை மாதிரி ஒன்று நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. குறைந்த காசுக்குக் கிடைக்கிறது என்று மட்டமான குதிரையிடம் பெட்டையை விட்டவர்கள் ஏராளம், குளம்புக்கு மேலே எலும்பு வளர்கிறது, ஓடினால் மூச்சில் இரைச்சல், இதெல்லாம் குட்டிக்கும் இறங்கும். 1900க்குப் பிறகு பக்கத்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அரசு கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்கிற முறை வந்ததே இதனால்தான். பருவம் தொடங்கும் முன் ஆஷ்பர்ட்டன், திமாரு மாதிரி ஊர்களில் பொலிகுதிரைகளை ஊர்வலமாக நடத்திக் காட்டும் நாள் இருந்தது. விவசாயிகள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், குனிந்து காலைத்தான் பார்ப்பார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு உன் அப்பா நம்மைக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. எல்லாரும் குதிரையின் காதைப் பார்த்து ஆஹா என்றபோது, அவர் மட்டும் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் ஒரு ஆசை, நம்ம பெட்டைக்கும் கார்பைன் மாதிரி ஒரு பந்தயக் குதிரை பிறக்காதா என்று. 1885இல் ஆக்லாந்தில் பிறந்து, 1890 மெல்போர்ன் கப் பந்தயத்தில் 66 கிலோ சுமையோடு 39 குதிரைகளில் முதலாவதாக வந்து, 1895இல் 13,000 கினிக்கு இங்கிலாந்துக்குப் பொலிக்குப் போனது. அதன் அப்பன் மஸ்கெட்டின் பழைய முதலாளியான ஒரு பிரபு, ஓடாத குதிரையைச் சுட்டுவிடுகிற பழக்கம் உள்ளவர், மஸ்கெட்டும் மயிரிழையில் தப்பியது என்று கதை சொல்வார்கள்.

உன் விஷயத்துக்கு என் யோசனை: 500ஐப் பிரி. மாட்டை ஓட்டிவந்த அன்றே 100, காளையைப் பிடிக்கிற கூலி, தீவனம், திரும்பாது. மீதி 400 மூணு மாசம் கழித்து, டாக்டர் கைவிட்டுப் பார்த்துச் சினை என்று சொன்ன பிறகு. நடுவில் 21ஆம் நாள் மாடு கத்தினால் இன்னொரு தடவை இலவசம். நடுவே சினை ஊசி போட்டால் 400ம் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் எது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஒரு அட்டையில் எழுதிக் கேட்டில் மாட்டு, சொன்னால் மறந்துவிடுவார்கள். காளையையும் கருச்சிதைவு நோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணி வை, நாலு தோட்டத்து மாடு வருகிற இடம். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு 400ஐத் திருப்பிக் கொடுத்துவிடு, 100ஐ வைத்துக்கொள். திட்டினால் நூற்று நாற்பது வருஷ வழக்கம் என்று சொல்.

காளையின் போட்டோ அனுப்பியிருந்தாய், திமிலும் கொம்பும் அருமை. காலை எடுக்கவே இல்லையே. அடுத்த கடிதத்தில் நாலு காலும் தெரிகிற மாதிரி ஒன்று அனுப்பு.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி