பின்சில்லைத் திருப்பி அனுப்புங்கள்

கிளிநொச்சி,
18.06.2024

முகாமையாளர் அவர்கட்கு,
பழம்பொருள் விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

1956 ஆம் ஆண்டு றலி சைக்கிள் என்று எனக்கு விற்கப்பட்ட சைக்கிள் தொடர்பான முறைப்பாடு

கடந்த மாதம் உங்களிடம் ஒரு றலி சைக்கிள் வாங்கினேன். விலை 95,000 ரூபா, லொறிக் கூலி 4,500 ரூபா. முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டேன். பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீங்கள் விளம்பரத்தில் போட்ட ஆறு படங்களையும், சைக்கிள் வந்து இறங்கிய அன்று நான் எடுத்த படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் இருந்த சைக்கிளை நான் ஏன் தெரிந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். பெயின்ற் பாதி உரிந்து, மட்காட்டில் துரு பிடித்து, சீற் தோல் வெடித்துப்போய் இருந்தது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் ஹப்பில், அதாவது சில்லின் நடு உருளையில், ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கம்பனிப் பெயரும், ஏடபிள்யூ என்ற எழுத்தும், அதற்குப் பக்கத்தில் 56, 3 என்ற இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கம்பனி தன் மூன்று கியர் ஹப்பில் செய்த ஆண்டையும் மாதத்தையும் அடித்துத்தான் அனுப்பும். ஆகவே அந்த ஹப் 1956 மார்ச் மாதத்தில் செய்யப்பட்டது. முன் சில்லில் டைனமோ ஹப், செயின் சக்கரத்தில் றலியின் அடையாளமாக வெட்டிய நாரை உருவம், கழுத்தில் பித்தளை முத்திரை. இவ்வளவும் ஒரே சைக்கிளில் சேர்ந்து இருப்பதை இந்தப் பக்கத்தில் பதினைந்து வருடமாக நான் கண்டதில்லை.

வந்து இறங்கிய சைக்கிள் வேறு மாதிரி இருந்தது. கடும் கறுப்புப் பெயின்ற் தடிப்பாக அடித்து, பொன்னிற ஸ்ரிக்கர் ஒட்டி, புது றெக்சின் சீற் பூட்டியிருந்தது. பித்தளை முத்திரை இருந்த இடத்தில் பிளாஸ்ரிக் ஸ்ரிக்கர். பிறேம் இலக்கம் பெயின்ற்றுக்குள் மூழ்கிவிட்டது, விரலால் தடவினால் கூடத் தட்டுப்படவில்லை. சரி, பெயின்ற்றைச் சுரண்டலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே எடுத்தேன்.

பின்சில்லு மாற்றப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அப்பா. அவருக்கு எழுபத்தெட்டு வயது, கண் பார்வை மங்கல். சைக்கிளைப் பிடித்து முற்றத்தில் கொஞ்சத் தூரம் உருட்டினார், நின்றார், திரும்ப உருட்டினார். "தம்பி, டிக் டிக் எண்டு சத்தம் வரேல்லையே" என்றார். மூன்று கியர் ஹப் உள்ள சைக்கிளை உருட்டினால் உள்ளேயிருந்து மணிக்கூடு மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். வேண்டுமென்றால் உங்களிடம் உள்ள இன்னொன்றில் கேட்டுப் பாருங்கள். எங்களுடையதில் சாதாரண ஃபிரீவீலின் கிர் என்ற சத்தம்தான் வந்தது. குனிந்து பார்த்தேன். பின்னால் இருந்தது எந்தக் கடையிலும் கிடைக்கிற புது ஹப். ஹாண்டிலில் கியர் மாற்றுகிற நெம்பு மட்டும் அப்படியே இருந்தது. அதிலிருந்து போன கம்பி பிறேமோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கப்பட்டு, பின் மட்காட்டுக்குக் கீழே வெட்டி விடப்பட்டிருந்தது. கம்பியைப் போகும் இடமில்லாமல் கட்டியவருக்கு, ஹப் அங்கே இல்லை என்பது தெரிந்தே இருந்திருக்கும்.

இரண்டாவது குறை பெடல் அச்சில். அப்பாவை ஏற்றாமல் நானே சந்தை வரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் அச்சு ஆடத் தொடங்கிவிட்டது, மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கடக் கடக் என்று அடித்தது. கழற்றிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் செய்த றலிக்கு, அச்சைத் தாங்கும் கப்பில் ஓர் அங்குலத்துக்கு 26 திருகுப் புரி. மற்றக் கம்பனிச் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் 24 புரி. பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், முதல் இரண்டு சுற்றும் லேசாகவே ஏறும், அதன்பிறகு இறுகும். இறுகும் இடத்தில் திருத்துகிறவர் நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் ஆள் 24 புரிக் கப்பை வைத்துப் பெரிய சாவி போட்டு முறுக்கியிருக்கிறார். பிறேமின் உள்புரி முழுவதும் அரைந்து, இரும்புத் தூள் கிறீசோடு சேர்ந்து களி மாதிரிக் கிடந்தது. அறுபத்தெட்டு வருடம் தேயாமல் இருந்த புரி அது. கப் தேய்ந்தால் வேறு கப் போடலாம், பிறேமில் புரி போனால் அந்தப் பிறேமுக்கு வேறு வழி சுலபமாக இல்லை.

மூன்றாவது, டைனமோ. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

முன் ஹப்புக்குள் ஒரு வளையக் காந்தம் இருக்கிறது. அது சில்லோடு சேர்ந்து சுற்றும், நடுவில் கம்பி சுற்றிய இரும்பு அசையாமல் நிற்கும். அந்தக் காந்தத்தை இரும்பிலிருந்து உருவி எடுக்கும்போது, கூடவே இன்னோர் இரும்புத் துண்டை அதன் இடத்துக்குள் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வெறுமனே உருவினால் காந்தத்தின் வலு இறங்கிவிடும், திரும்பப் பூட்டினாலும் பழைய வலு வராது. இது தெரியாமல் பலர் கெடுத்திருக்கிறார்கள். உங்கள் பிரிவில் தொலைபேசி எடுத்த தம்பி, "எல்லாத்தையும் கழட்டிக் கழுவி கிறீஸ் போட்டுத்தான் அனுப்புறம்" என்று பெருமையாகச் சொன்னார். ஹப்பின் திருகாணித் தலைகளில் புதுக் கீறல் இருக்கிறது. 6 வோல்ட் பல்பைக் கொழுவி, சில்லைத் தூக்கி, கை வலிக்கச் சுற்றினேன். பல்பின் இழை செந்நிறமாக ஒரு தரம் மினுங்கியது, அவ்வளவுதான். மீற்றர் 2 வோல்ட்டைத் தாண்டவில்லை. உங்கள் விளம்பரத்தில் "டைனமோ வேலை செய்கிறது" என்று இருக்கிறது. உங்களிடம் வந்தபோது அது வேலை செய்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அந்த டைனமோ எங்களுக்கு என்ன என்பதைக் கொழும்பில் இருக்கிற உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் இதே மாதிரி ஒரு றலி இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டுச் சாமான் முழுவதும் அதன் கரியரிலும் ஹாண்டிலிலும்தான் தொங்கியது. கிளாலியில் அதைப் படகில் ஏற்றித்தான் வன்னிக்கு வந்தோம். பிறகு கிளிநொச்சியிலும் இருக்க முடியாமல் மல்லாவிக்குப் போனோம். அப்போது பொருளாதாரத் தடை. பற்றரி வராது, மண்ணெண்ணெய் வந்தாலும் கட்டுப்படியாகாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்துத்தான் படித்தோம். பின்னேரமானால் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவிலிருந்து வருவது மாறுமின்னோட்டம், ரேடியோவுக்கு அது சரிவராது. உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய நான்கு டயோட்டை ஒரு பலகைத் துண்டில் பற்றவைத்து, அதனூடாகக் கொடுப்பார். நானும் தங்கச்சியும் மாறி மாறி முன் சில்லைச் சுற்றுவோம். வேகம் குறைந்தால் குரல் இழுபடும், பக்கத்துக் கொட்டிலில் இருந்து "சுத்தடா தம்பி, சுத்து" என்று கத்துவார்கள். பிபிசி தமிழோசை முடியும் மட்டும் எங்கள் முற்றத்தில் முப்பது பேர் நிற்பார்கள். அந்தச் சைக்கிளை 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் விட்டுவிட்டு நடந்தோம். மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தபின் அப்பா தேடாத இடமில்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் வீதியோரத்தில் சைக்கிள்கள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன, எல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று பின்னிப்போய். அதற்குள் நாரைச் சக்கரம் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நாளில் பழைய இரும்பு லொறிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டன.

அதனால்தான் ஐயா, இந்தப் பக்கத்தில் பழைய சாமான் என்பது வேறு ஊர்களைப் போல் பரணில் கிடைக்கிற ஒன்று இல்லை. எங்களுக்குப் பரணே மிஞ்சவில்லை. கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனதுதான் மிச்சம். அத்திவாரம் வெட்டும்போது தறப்பாளில் சுற்றிய சிங்கர் மெசின் ஒன்று வெளியே வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில்லைப் பிடித்து ஆட்டினார்கள், மண் உதிர்ந்து ஊசி மேலும் கீழும் போனது. அந்த வீட்டு அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். நான் பழைய சாமான் வாங்கி விற்கத் தொடங்கியதே அந்த நாளுக்குப் பிறகுதான். இரும்புக் கடைக்குப் போய் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுவதற்கு முன் எதையாவது எடுத்துவிட வேண்டும் என்று ஓடித் திரிகிறேன். அதில் நட்டப்பட்டதும் உண்டு. ஒருமுறை பித்தளை என்று வாங்கிய குத்துவிளக்கு இரும்பில் முலாம் பூசியது. வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். ஆனால் எட்டுத் துண்டாகக் கிடந்த ஒரு பெற்றோல்மக்ஸ் விளக்கைச் சேர்த்து, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, காற்றடித்து, மாண்டில் வெள்ளையாகப் பற்றிக்கொண்ட இரவில் அயலட்டை முழுவதும் வந்து நின்று பார்த்தது. அந்தச் சந்தோசத்துக்கு விலை போட எனக்குத் தெரியாது.

அந்தப் பெற்றோல்மக்ஸை போன வருடம் உங்கள் மூலமாகத்தான் விற்றேன். உங்கள் கோப்பில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். "தாங்கியின் அடியில் சிறு நெளிவு உண்டு, பம்புத் தோல் நான் புதிதாக வெட்டிப் போட்டது, கண்ணாடி பழையது இல்லை" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதினால் விலை குறையும் என்று உங்கள் ஆள் சொன்னார். குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். நான்காம் நாள் காசு கணக்கில் விழுந்தது. அந்த நம்பிக்கையில்தான் இந்தச் சைக்கிளுக்குக் கேள்வி கேட்காமல் 95,000 ரூபா போட்டேன்.

நான் தொலைபேசியில் முறையிட்டபோது எனக்குக் கிடைத்த பதில்: "பழைய சாமான்தானே அண்ணை, அப்பிடித்தான் இருக்கும். பழைய சாமான் திருப்பி எடுக்கிறதில்லை." அந்தத் தம்பியோடு எனக்குக் கோபம் இல்லை, மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. துரு, வெடித்த தோல், உரிந்த பெயின்ற் எல்லாம் பழசின் குறைகள். அவற்றைப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒரு சொல் முறைப்பாடு செய்யமாட்டேன். இங்கே எழுதியிருக்கிற மூன்று குறைகளும் நான் காசு போட்ட பிறகு உங்கள் பட்டறையில் உண்டானவை. அவற்றுக்குப் பழசு பொறுப்பில்லை.

என் கோரிக்கை இதுதான். படத்தில் உள்ள பின்சில்லு, 56, 3 என்று அடித்த அந்த ஹப்போடு எனக்கு வர வேண்டும். வேறு ஆண்டு ஹப் தந்து சமாளிக்க வேண்டாம். கழற்றிய பித்தளை முத்திரையும், பழைய அச்சுக் கப் இரண்டும், வெடித்த அந்தத் தோல் சீற்றும் வர வேண்டும். பிறேமின் புரியைச் சரிசெய்யவும் காந்தத்துக்குத் திரும்ப வலு ஏற்றவும் ஆகும் செலவு உங்களுடையது. காந்தத்துக்கு வலு ஏற்றத் தெரிந்த ஒருவரை நீங்கள் கொழும்பில் தேடிப் பிடித்தால் முன் சில்லை நானே லொறியில் போட்டு அனுப்புகிறேன். இவை முடியாதென்றால் 99,500 ரூபாவையும் தந்து சைக்கிளை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் நான் கேட்பது காசை இல்லை என்பது இதுவரை வாசித்த உங்களுக்கு விளங்கியிருக்கும்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பதால் என்னால் நீண்ட நாள் காத்திருக்க முடியாது.

அவசரமாக ஒன்று. கழற்றிய சாமான்களை உங்கள் பட்டறையில் எங்கே போட்டிருந்தாலும், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒருவரை அனுப்பி எடுத்து வையுங்கள். இரும்புக்காரர் வரும் நாள் உங்களுக்குத் தெரியும். ஹப்பையும் முத்திரையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினால் போதும். பகல் லொறியில் விட்டால் கிளிநொச்சி ஏ9 வீதியில், சந்தைக்கு முன்னால், எத்தனை மணியானாலும் நான் வந்து நின்று வாங்கிக்கொள்வேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
உங்கள் வாடிக்கையாளர்
(பற்றுச்சீட்டும் படங்களும் இணைப்பில்)