ஆத்தாவுக்கு, எட்டாவது இழை நாளில்

ஆத்தா,

இன்று எட்டாவது இழை. திருக்கார்த்திகையன்று தொடங்கினேன். கோடி வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலாக உருவிச் சாமி அலமாரியில் வைத்து வருகிறேன். 21 சேர்ந்ததும் பிள்ளையார் நோன்பு. அந்த நூல்களைத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, சுடரோடு விழுங்குவதுதான் இழை எடுத்துக்கொள்வது. நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது நோன்பு இது. போன வருஷம் நான் இழை எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

வேலையை விட்டுவிட்டேன். தேவகோட்டைக்கே வந்துவிட்டேன், இனி மாமியாரோடுதான் இருக்கப்போகிறேன். அவர்களுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. பெற்றவளைப் பார்க்காதவள் மாமியாரைப் பார்க்க வந்துவிட்டாள் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சில் பாதி உண்மை. அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைப் பெற்ற அப்பச்சி படுத்த நான்காவது வருஷத்து நோன்பு. அந்த வருஷம்தான் எல்லோரும் கூடினோம். பெரியவருக்கு முடியவில்லையே, தம்பி இழை எடுத்துக் கொடுக்கட்டும் என்று கூடத்துப் பட்டாலையில் பேச்சு எழுந்தது. "அவர்கள் இருக்கும்போது வேறு யார் கொடுப்பது?" என்றீர்கள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

உள்முற்றத்து வளவில் நாற்காலி போட்டு, இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து, அப்பச்சியை நிமிர்த்தி உட்காரவைத்தீர்கள். விழுந்துபோன அந்த வலது கையை உங்கள் கைக்குள் பொத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, திரி எரியும் மாவுப் பிள்ளையாரை எடுக்கவைத்தீர்கள். ஒவ்வொருவராகக் குனிந்து சுடரோடு வாங்கிக்கொண்டோம். என் சின்னவன் முறை வந்தபோது பயந்து வாயை இறுக மூடிக்கொண்டான். முற்றத்துக் காற்றில் சுடர் சாய்ந்தது. நீங்கள் அவனைக் கொஞ்சிக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் திறந்தான், விழுங்கினான், கை தட்டினோம்.

பிறகு உங்கள் முறை. அவருடைய கையை நீங்களே தூக்கி உங்கள் வாயருகே கொண்டுபோனீர்கள். ஒன்றை விழுங்கிவிட்டு இன்னொன்றையும் எடுத்தீர்கள். அப்பச்சியால் திரியை விழுங்க முடியாது. மாவை மட்டும் கிள்ளிக் குழைத்து அவர் நாக்கில் தடவிவிட்டு, அவருடைய இழையையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். பிள்ளை உண்டாகியிருப்பவள்தானே வயிற்றிலிருப்பதற்கும் சேர்த்து இரண்டு எடுத்துக்கொள்வாள்? அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை, உடம்பு துடைக்கும்போது, அவருடைய கட்டைவிரல் ஓரத்தில் கொப்புளத்தைப் பார்த்தது நான். மொச்சைக்கொட்டை அளவு. உணர்ச்சியில்லாத கை, சுட்டிருந்தாலும் சொல்ல வாயில்லை, சர்க்கரை வேறு. அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "இதுதான் நீங்கள் பார்த்துக்கொள்கிற லட்சணமா?"

நான்கு வருஷம் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் நீங்கள். அந்த முதுகில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. மாமியாருக்கு ஐந்தே மாதத்தில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது, சம்பளத்துக்கு ஆள் வைத்தும். உங்களிடம் லட்சணம் கேட்டேன் நான். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நான் பயந்துபோய்த்தான் கத்தினேன், ஆத்தா. சர்க்கரைக்காரருக்குச் சின்னப் புண்ணும் ஆறாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொப்புளம் ஆறிவிட்டது என்பதால் நான் பயந்தது தப்பாகிவிடாது.

நீங்கள் பதில் சொல்லவில்லை. மருந்து போட்டு முடித்துவிட்டு, "விடியற்காலைப் பல்லவன் ரயிலுக்கு எழுந்திருக்க வேண்டும், பெட்டியை இப்போதே கட்டு" என்றீர்கள். எப்போதும் அதேதான். வந்தால் சந்தோஷம், ஆனால் தங்கக் கூடாது. இருக்கிறேன் என்று நான் சொன்ன நாட்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், உன் வேலை, மாப்பிள்ளை சாப்பாடு என்று என்னைவிட அதிகமாக எனக்காகக் காரணம் அடுக்கினீர்கள். இன்று பார்க்காத மகள் என்று பெயர் எனக்கு.

வீடியோவில் கூப்பிட்டால் அப்பச்சியின் முகத்தைத்தான் காட்டுவீர்கள். ஓரத்தில் உங்கள் வளையல் கை மட்டும் வந்துபோகும். அவர் போன பிறகும் கூரையைக் காட்டிக்கொண்டே பேசினீர்கள். கால் இரண்டும் வீங்கியிருந்ததும் படுத்தால் மூச்சு முட்டியதும் எனக்கு எப்போது தெரிந்தது? ஆஸ்பத்திரியில், டாக்டர் சொல்லி. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்தீர்களாம். பாரத்தைச் சுமக்க எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காமல் போனீர்களே, அது பாரமில்லையா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தம்பியைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அவன் பணம் அனுப்பாத மாதமில்லை. வீட்டு விஷயத்தையும் எழுதமாட்டேன். பங்காளிகள் படிக்கிறார்கள், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதில் பேச்சில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆச்சி தெய்வம் என்றார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் ஒரு ராத்திரி வந்து கண்விழிக்க வேண்டியதில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவள்தான்.

இப்போது கரண்டியைப் பாதிதான் நிரப்புகிறேன். தாடையைத் தாழ்த்தி, கெட்டியாகக் கரைத்த கஞ்சியைக் கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்று மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் கேட்டதே இல்லை. ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரமாகிறது. மூன்றாவது நாளே பொறுமை போய்க் கரண்டியை டங்கென்று வைத்துவிட்டேன். அவர்கள் பயந்து என்னைப் பார்த்தார்கள்.

இந்த வருஷம் மாமியார்தான் எங்களுக்கு இழை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் வலது கைதான். நான் பிடித்துக்கொள்வேன், கண்ணைக் கட்டைவிரலை விட்டு எடுக்கமாட்டேன்.

நூல் மட்டும் அறுந்துகொண்டே இருக்கிறது, ஆத்தா. இன்று மூன்று முறை அறுந்து, நாலாவதுதான் முழுதாக வந்தது. நீங்கள் கரைப் பக்கத்திலிருந்து உருவுவீர்களா, தலைப்பிலிருந்தா? கையை நனைத்துக்கொள்வீர்கள் என்று ஒரு ஞாபகம். தம்பியைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை.