அப்பாவின் முகம்

அன்புள்ள செந்திலுக்கு,

நீ, மருமகள், பாப்பா எல்லோரும் சௌக்கியம்தானே? முதல் வருஷத் திதிக்கு வருகிறேன் என்றாய், சந்தோஷம். ஆனால் அன்றைக்குப் போனில் நீ கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. "கடைசி வருஷங்களில் வீடியோவில் பார்க்கும்போது அப்பா சிரிக்கவே இல்லையே, என் மேல் வருத்தமா?" என்றாய். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

வருத்தமே கிடையாதுப்பா. அது பார்க்கின்சன் நோய் செய்த வேலை. மூளையில் டோபமைன் என்று, உடம்பின் அசைவுக்கு வேண்டிய ஒரு ரசாயனம், அதைச் சுரக்கிற செல்கள் அழிய அழிய, கை நடுங்குவது ஊருக்கே தெரியும். முகம் இறுகிப் போவதும் கண் சிமிட்டுவது குறைவதும் அதே நோய்தான் என்பது பலருக்குத் தெரியாது. மனதுக்குள் சிரிப்பார், முகத்தில் வராது. குரலும் தேய்ந்துவிட்டது. பாப்பா முதன்முதலாக "தாத்தா" என்று கூப்பிட்டாளே, மறுநாள் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. அவர் மாத்திரை லெவோடோபா. நேரம் தப்பக்கூடாது, வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாக ஏறும். பருப்பு, முட்டை மாதிரி புரதம் கூடவே போனால் மருந்து சரியாகப் பிடிக்காது. அதனால் பகலில் ரசம் சாதம், பருப்பெல்லாம் ராத்திரிக்கு. சாம்பார் இல்லாமல் சாப்பிடாத மனுஷன், ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை. காலையில் மருந்து வேலை செய்யும்போது கடைத்தெரு வரை நடப்பார், பேப்பர் படித்து எனக்குச் சொல்வார். ஜெர்மனியில் நீ வேலை முடித்துக் கூப்பிடும்போது இங்கே ராத்திரி பத்தைத் தாண்டியிருக்கும், மருந்தின் வேகமும் இறங்கியிருக்கும். அந்த நேரத்து அப்பாவைத்தான் நீ பார்த்தாய்.

நோய் முதலில் தெரிந்தது கையெழுத்தில். மன்னார்குடியில் பத்திரம் எழுதியே உங்களைப் படிக்க வைத்தவர், அச்சடித்த மாதிரி எழுதுவார். திடீரென்று, முதல் வரி சரியாக இருக்கும், போகப் போக எழுத்து சின்னதாகிவிடும். நாங்கள் கண்ணாடியை மாற்றினோம்! அதற்கும் முன்பே காபிப்பொடி வாசனை தெரியவில்லை என்பார், தூக்கத்தில் கத்திக் கையை வீசுவார். நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே இப்படியெல்லாம் வரலாம் என்று நரம்பு டாக்டர் அப்புறம்தான் சொன்னார்.

நிலைப்படிகிட்ட வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். தரையில் கலர் டேப்பைக் குறுக்கே ஒட்டி, கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும். தாளம் போட்டாலும் எழும்.

2021இல் கொரோனாவால் நீ வர முடியாமல் போன உன் தங்கை கல்யாணத்தில் நடந்ததைக் கேள். மண்டப வாசலில் கால் நின்றுவிட்டது. பின்னால் எல்லோரும் காத்து நிற்கிறார்கள், எனக்கு உயிரே இல்லை. தவில்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, பக்கத்தில் வந்து நிதானமாக ஒரு நடையைப் பிடித்தார். அந்த அடிக்கு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, யார் கையையும் பிடிக்காமல் மேடை வரை போய்விட்டார் உன் அப்பா. தாரை வார்க்கும்போது கை நடுங்கித் தண்ணீர் மாப்பிள்ளை வேஷ்டியில் கொட்டியது. அந்தப் பிள்ளை அவர் கையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டது. ஆல்பத்தில் எல்லா போட்டோவிலும் அப்பா முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

நீ கேட்காமல் மனதில் வைத்திருப்பாய், அதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த நோய் பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாக வருவதில்லை. பயப்படாதே.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். ஐயரிடம் சொல்ல வேண்டும். பாப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
அம்மா