வீடியோ கேம் என்றாலே ரம்மிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே நம் பத்திரிகைதான். ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னப் படம் வந்தால்கூட கதை எப்படி, இசை எப்படி, இரண்டாம் பாதி இழுக்கிறதா என்று அரைப் பக்கம் அலசுகிறீர்கள், ஆர்வமாகப் படிக்கிறேன். ஆனால் வீடியோ கேம் என்று ஒரு செய்தி வந்தால் அது ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர் கதையாக இருக்கிறது, இல்லையென்றால் பிள்ளைகள் செல்போனுக்கு அடிமையாவது பற்றிய மருத்துவர் பேட்டி. இரண்டும் வர வேண்டிய செய்திகள்தான், மறுக்கவில்லை. ரம்மியால் குடும்பங்கள் சீரழிவதைப் பார்த்துத்தானே 2022-ல் சட்டமன்றமே தனிச் சட்டம் நிறைவேற்றியது. அதற்காக, பணம் கட்டி ஆடுகிற சூதாட்டத்தையும் ஒரு கதைக்குள் நாமே இறங்கி நடக்கிற கேமையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எப்படிச் சரியாகும்?

ஒரு கேமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் ‘எ பிளேக் டேல்: இன்னசென்ஸ்’. 2019 மே மாதம் வந்தது, பிரான்ஸில் போர்டோ நகரத்தில் இருக்கிற அசோபோ என்ற ஸ்டுடியோ செய்தது. கதை நடப்பது 1348-ல், அதே தென்மேற்கு பிரான்ஸில். ஒரு பக்கம் இங்கிலாந்தோடு நூறாண்டுப் போர், இன்னொரு பக்கம் கொள்ளை நோய். அமிசியா என்ற 15 வயதுப் பெண், ஹியூகோ என்ற 5 வயதுத் தம்பி. தம்பி பிறந்ததிலிருந்தே நோயாளி என்பதால் அம்மா அவனைத் தனி அறையில் வைத்தே பார்த்துக்கொள்கிறாள், அக்காவுக்கு அவனிடம் சரியாகப் பேசிப் பழக்கம்கூட இல்லை. ஒரே நாளில் வீடு நாசமாகி, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஓட வேண்டி வருகிறது. துரத்துகிறவர்கள் மத விசாரணைப் படை, அதாவது மதத்துக்கு எதிரானவர்கள் என்று ஆட்களைப் பிடித்து விசாரிக்கிற திருச்சபையின் ஆட்கள். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

இதில் கத்தியை உருவிக்கொண்டு பத்துப் பேரை வெட்டுகிற வேலை கிடையாது. அமிசியா கையில் இருப்பது ஒரு கவண், அவ்வளவுதான். சோளக்காட்டில் பரண்மேல் நின்று குருவி ஓட்ட நம் பாட்டன்மார் சுழற்றினார்களே, அதே தோல்வார்க் கவண்தான். தலைக்கவசம் போட்ட காவலாளியை அந்தக் கல் ஆரம்பத்தில் ஒன்றும் செய்யாது. ஆகவே சுவரோரமாகப் பதுங்கிப் போக வேண்டும், அந்தப் பக்கம் இருக்கிற இரும்புச் சாமான்மேல் கல் விட்டுச் சத்தம் கிளப்ப வேண்டும், அவன் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் இந்தப் பக்கம் நழுவ வேண்டும். தம்பி கையை விட்டுவிட்டுத் தூரமாகப் போனால் அவன் பயந்து கூப்பிட ஆரம்பிப்பான், காவலாளிக்குக் கேட்டுவிடும். சின்னப் பொந்துக்குள் அவன்தான் நுழைய முடியும் என்பதால் சில இடங்களில் பயந்துகொண்டேதான் அவனைத் தனியாக அனுப்ப வேண்டும். அம்மா அப்பா இரண்டு பேரும் மில் ஷிப்டுக்குப் போக, ஒரு தம்பியை இழுத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அந்தக் கைப்பிடியை எழுதியவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது.

அப்புறம் எலிகள். இருட்டில் ஆயிரக்கணக்கில் தரையே தெரியாமல் ஓடுகின்றன, வெளிச்சத்துக்கு மட்டும் அஞ்சி ஒதுங்குகின்றன. புதிர்கள் எல்லாம் இதை வைத்துத்தான். ஒரு குச்சியைக் கொளுத்தினால் கொஞ்ச நேரம்தான் எரியும், அதற்குள் அடுத்த தீப்பந்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே தொங்குகிற இறைச்சியைக் கல்லால் அறுத்துவிட்டால் எலிகள் அதன்மேல் பாயும், வழி கிடைக்கும். எலிகளுக்கு நடுவே ஒருவன் கையில் விளக்கோடு நிற்கிறான், அந்த விளக்கை உடைத்தால் நமக்குப் பாதை கிடைக்கும், ஆனால் அவன் கதி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் அந்த இடத்தில் வெகுநேரம் வேறு வழி தேடினேன். இப்படி நம் கையாலேயே செய்ய வைத்து நம்மையே உறுத்த விடுவதை ஒரு படத்தால் செய்ய முடியுமா? அதே பிள்ளைதான் வழியில் பூவைப் பார்த்தால் பறித்து, அதன் பேரைச் சொல்லி, அக்கா தலையில் வைத்து விடுகிறான்.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதியில் எலிகளே நம் கட்டுக்குள் வந்துவிட, பதுங்குவதும் யோசிப்பதும் போய் வெறும் சண்டையாகிவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை. வரலாற்றை அப்படியே நம்பவும் கூடாது. நிஜத்தில் எலி ஆளைக் கூட்டமாகக் கடித்துத் தின்னவில்லை. பிளேக்கில் எலிதான் முதலில் செத்தது, செத்த எலியின் உடம்பிலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு உடம்பு தேடி மனிதனிடம் வந்தது. பிளேக் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார், தெள்ளுப்பூச்சிதான் பரப்புகிறது என்று 1898-ல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். இதெல்லாம் இந்த கேமை ஆடிய பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

படிக்கப் படிக்க நம் ஊர் நினைப்புத்தான் வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்பப் போட்டு எடுத்ததே. பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்றும் இருக்கின்றன, நோன்பி சாட்டிக் கும்பிடுகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பேர் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? எங்கள் அம்மிச்சி தன் அம்மா சொன்னதாகச் சொல்வார்: வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அன்றைக்கே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துச் சாளைக்குப் போய்விடுவார்களாம், ஊருக்குள் ஆள் நடமாட்டமே இருக்காதாம். போர்டோக்காரர்கள் தங்கள் மண்ணில் அறுநூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் வந்த நோயை எடுத்து, உலகமே ஆடுகிற மாதிரி ஒரு கதை செய்துவிட்டார்கள். அதே ஸ்டுடியோ 2022-ல் இரண்டாம் பாகமும் கொடுத்துவிட்டது. நமக்கு நூறு வருசத்துக் கதை, கேட்டவர்கள் வாயாலேயே கேட்கலாம், கோவையைச் சுற்றி எத்தனை என்ஜினியரிங் கல்லூரி, எத்தனை அனிமேஷன் படிப்பு. செய்யக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கேம் செய்யப் போகிறேன் என்று ஒரு பையன் வீட்டில் சொன்னால் அப்பாவுக்கு ரம்மிதான் ஞாபகம் வருகிறது, ஏனென்றால் பத்திரிகையில் அவர் படித்தது அது மட்டும்தான்.

அதனால்தான் கேட்கிறேன். ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். சினிமாவுக்கு எழுதுகிற மாதிரியே கதை, இசை, நடிப்பு என்று எழுதுங்கள், நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே போடுங்கள். கூடவே பெற்றவர்களுக்கு வேண்டிய மூன்று விவரம் வேண்டும்: எந்த வயதுக்கானது, முடிக்க எவ்வளவு நேரம், உள்ளே போன பிறகு பணம் பிடுங்குமா. நான் சொன்ன இந்த கேம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, ரத்தமும் பிணமும் நிறைய இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. பத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், ஒருமுறை வாங்கினால் அதோடு சரி. தமிழில் சப்டைட்டில் கிடையாது, ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிய வேண்டும். இந்த விவரங்களை ஒரு தமிழ்ப் பத்திரிகையில் படிக்க முடிந்தால் எதைத் தடுப்பது, எதை விடுவது என்று பெற்றவர்களே முடிவு செய்துகொள்வார்கள். எழுத ஆள் கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள், வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் கட்டுரையை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்