கூடையை இறக்கி வைத்த பிறகு

பொகவந்தலாவை

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாவின் கையில் நீ கட்டிவிட்டுப்போன அடி எண்ணும் கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இரவானால் அது மூவாயிரத்துச் சொச்சம் என்று காட்டுவதும், நீ அழைத்து "பத்தாயிரம் வரவில்லையா?" என்று கேட்பதும், அவள் ஏதோ களவு செய்தவளைப் போல என்னைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் அளந்து சொன்ன கணக்கல்ல. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறுவருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் உலகம் சுற்றி வந்து இலக்காகிவிட்டது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான ஏறத்தாழ 17,000 பெண்களின் நடையை அளந்து ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படிப் பார்த்தால் அம்மாவுக்குக் குறைவது நம் லயத்து வீட்டிலிருந்து கோயில் வரை போய்த் திரும்பும் தூரந்தான். அதிலும் கடிகாரம் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகவே எண்ணுகிறது, கோயில் படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்குவதை அது அறியாது.

அவளுடைய வாதம் வேறு. "முப்பது வருசம் ஏறாத மலையா? இனி என்னத்த நடக்கச் சொல்றீங்க?" என்கிறாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து மலையுச்சித் தொங்கல் வரை ஏறி, கூடை நிறையத் தேயிலைக் கொழுந்தைத் தலைப்பட்டியில் தாங்கி இறங்கியவளிடம் அதை மறுத்துப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு பழைய உழைப்பைச் சேமலாபநிதி போல வைத்திருந்து வட்டி தருவதில்லை.

1953இல் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டு, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே இருந்த சாரதிகளுக்கு மாரடைப்பு அதிகம் என்று காட்டினார். அவரே பின்னர் சீருடைக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து, சாரதிகளின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்ததையும், அதனால் வேலை மட்டுமே காரணமாக இருக்காது என்பதையும் மறைக்காமல் எழுதினார். இப்படிப்பட்ட ஆய்வுகளை நம்ப வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று அதிலிருந்து கற்றுக்கொண்டேன். நம் வீட்டில் அம்மா நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். கொழும்பில் காலை எட்டரை முதல் கதிரையை விட்டு எழாத நீதான் சாரதி.

எனக்குப் பெரிதாகப்படுவது சாப்பாடு. அம்மா கூடையை இறக்கி வைத்தாள், சாப்பாட்டை மாற்றவில்லை. விடியற்காலையில் தடித்த கோதுமை மா ரொட்டி இரண்டு, கட்டச் சம்பல், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி: மதியம் வரை மலையில் நிற்பவளுக்கு அது தேவைப்பட்டது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதே மாவும் சீனியும் எங்கே போகும்? ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். ஐந்து கோப்பைக்குப் பதினைந்து கரண்டி, ஏறக்குறைய 60 கிராம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பே 50 கிராம். அதிலும் பாதியாக்கினால் நல்லது என்கிறார்கள். நீரிழிவு வந்தபின் கிளினிக்கில் ஒரு தாளைக் கொடுத்து, ஓட்ஸும் ஆப்பிளும் சாப்பிடச் சொன்னார்கள். அந்தத் தாள் இப்போது சீனிப் போத்தலுக்கு அடியில் கிடக்கிறது.

நாங்கள் வேறு விதமாக மாற்றியிருக்கிறோம். ரொட்டி ஒன்றாகியது, மாவில் பாதி குரக்கன். பக்கத்தில் அவித்த கௌபியோ பாசிப்பயறோ, தண்ணீர்ப் பீலிக்கரையில் பறித்த வல்லாரைச் சம்பலோ இருக்கும். சீனியை வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்ததில் இப்போது கோப்பைக்கு ஒரு கரண்டியில் நிற்கிறது. அதற்குக் கீழே இறங்க அவள் உடன்படவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் லயத்து வாசலில் மெதுவாக நடக்கிறோம். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்வதால், உணவுக்குப் பின் அது ஏறும் அளவு குறைகிறது. மாத்திரையை நிறுத்தவில்லை, பயப்படாதே.

இன்னொன்றையும் தொடங்கியிருக்கிறோம். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது. முதல் நாள் நாலாவது முறையிலேயே என் முழங்கால் நடுங்கியது, அம்மா சிரித்துக்கொண்டே பத்தையும் முடித்தாள். 1990இல் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களின் கால் பலம் இரு மடங்குக்கும் மேல் கூடியதாம். எனக்கு எழுபத்தொன்றுதான் ஆகிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மதியம் பணிஸும் மாலையில் பைக்கற் நூடில்ஸும் என்று நீ சொன்னதிலிருந்து மனம் சரியில்லை. 2019இல் கெவின் ஹோல் என்பவர் இருபது பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார். சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமமாகப் பரிமாறப்பட்டும், ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். இரவே பருப்பும் ஒரு கீரையும் சமைத்து மறுநாளுக்குக் கட்டிக்கொண்டு போக உன்னால் முடியும். அலுவலகத்தில் நான்காம் மாடிக்கு லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறு. ஓரிரு நிமிட வேகமான ஏற்றமும் பயன் தருவதாகவே அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன.

பொங்கலுக்கு வரும்போது போன முறை போல ஓட்ஸ் பெட்டி தூக்கி வராதே. பிரித்த பெட்டியே இன்னும் தீரவில்லை. கடிகாரப் பட்டி அம்மாவின் கைக்குப் பெரிதாக இருக்கிறது, பீலியில் பாத்திரம் கழுவும்போது கழன்று விழுகிறது. சிறிய பட்டி கிடைத்தால் வாங்கி வா.

அன்புடன்,
அப்பா