ஆண்டறிக்கை: விலாங்கு ஏற வழி வேண்டும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கை தாமிரபரணி விலாங்கைப் பற்றியது.

கட்லா, ரோகு போல விலாங்குக் குஞ்சும் வாங்கி விடலாமே என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அது நடக்காது. ஜப்பான் ஆய்வகத்தில் 2010-இல் விலாங்கை முட்டையிலிருந்து வளர்த்து, அதன் குஞ்சையும் பொரிக்க வைத்தார்கள். ஆனாலும் இன்றும் பண்ணைகள் நம்பியிருப்பது கடலோரத்தில் பிடிக்கும் குஞ்சுகளைத்தான். விலாங்கு போலவே தோன்றும் ஆரல் மீன் ஆற்றிலேயே முட்டையிடும்; விலாங்கு அப்படியல்ல. ஆற்று விலாங்கின் வயிற்றைக் கீறினால் முற்றிய சினை இருக்காது. பல ஆண்டு வளர்ந்து, வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி, ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் செத்துவிடும். இறங்குமுன் பிடிபட்டால் அதற்கு வாரிசே இல்லை.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நுழையும் குஞ்சுக்கு முதலில் எதிர்ப்படும் பெரிய அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம், அடுத்தது மருதூர். ஆற்றில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். சின்ன விலாங்கு ஈரமான சொரசொரப்பில் ஊர்ந்து ஏறும். காய்ந்த சுவரில் ஏறாது. கீழே தண்ணீர் வற்றினால் அங்கேயே தேங்கிக் கொக்குக்கும் வலைக்கும் இரையாகும். மணல் அள்ளிய ஆற்றில் பதுங்க இடமும் இல்லை. ஆனாலும் முதல் வேலை ஏறும் வழிதான் என்பது என் கருத்து.

அதற்குப் பெரிய கட்டுமானம் வேண்டாம். தூரிகை முடி நட்ட சாய்வுத் தொட்டி போதும். கடலிலிருந்து புதிதாய் நுழையும், கண்ணாடிபோல் தெரியும் குஞ்சுக்கு முடிக்கொத்துகளின் இடைவெளி 7 மி.மீ., சற்று வளர்ந்ததற்கு 14 மி.மீ. சாய்வு 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் சில மில்லிமீட்டர் கசிந்தோடினால் போதும். வேகம் கூடினால் குஞ்சை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியைப் பக்கவாட்டிலும் சற்றுச் சாய்த்து வைத்தால், நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் ஓரத்தில் மெல்லிய ஈரம் எப்போதும் இருக்கும். அடிப்பக்கம் கோடைக்கால நீர்மட்டத்தைத் தொட வேண்டும். மேல்வாய் வழிந்தோடும் இடத்துக்கு அருகில் இருந்தால், ஏறிய குஞ்சு மறுபடி கீழே விழும். வெயிலுக்கு நிழல்வலை போட வேண்டும். பாசியும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ளும். வாராவாரம் கழுவாவிட்டால் வைத்தும் பயனில்லை.

வெடி, நஞ்சு வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுக்கிறது. பேட்டரி மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதோ மடைக்குள் பதுங்கிய விலாங்கைக்கூட விடாது.

ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள்: வெள்ளக் காலத்தில் கடலை நோக்கி இறங்கும் பெரிய விலாங்கு வலையில் விழுந்தால் உயிரோடு விட்டுவிடுவது, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தொட்டி வைக்க நீர்வளத்துறையிடம் அனுமதி கேட்பது, அதைக் கழுவ உறுப்பினர்கள் முறை வைத்துக்கொள்வது.

– செயலாளர்